ஊனமுள்ள கோழிக்குஞ்சு: எது தேறும், எது தேறாது

காலை விரித்துக்கொண்டு கிடக்கிற குஞ்சைப் பார்த்ததும் கட்டுப்போடத் துணி தேட ஓடாதீர்கள். முதலில் கையில் எடுத்து, இரண்டு கணுக்கால் மூட்டுகளையும் விரலால் தடவிப் பாருங்கள். தொடை இறகு முடிந்து செதில் தொடங்கும் இடம்தான் அந்த மூட்டு. இரண்டும் ஒரே பருமனாக இருந்து, பின்பக்கம் தசைநாண் நடுவில் ஓடினால் அது வெறும் கால் விரிதல். இரண்டு மூன்று நாள் வயதுக்குள் பிடித்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு மூட்டு மட்டும் வீங்கி, பின்புறம் தட்டையாகி, தசைநாண் பக்கவாட்டில் உருண்டு கிடந்தால் அது நழுவிவிட்டது என்று அர்த்தம். அதற்கு வைத்தியமும் வேறு, பலனும் வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கட்டிவைப்பதால்தான் தேற வேண்டிய குஞ்சு தேறாமல் போகிறது, தேறாத குஞ்சு வாரக்கணக்கில் வலியோடு கிடக்கிறது.

எந்த ஊனமாக இருந்தாலும் முதல் வேலை சூடு. குளிரில் நடுங்கும் குஞ்சுக்கு எந்த மருந்தும் சேராது. முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் 32 முதல் 35 டிகிரி இருக்க வேண்டும். அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். முதல் நாள் 100 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி நாட்டுச்சர்க்கரை கலந்து, சொட்டு சொட்டாக அலகின் ஓரத்தில் வையுங்கள். வாயைத் திறந்து உள்ளே ஊற்றக் கூடாது. நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழலின் வாய் இருக்கிறது, ஒரு மி.லி. தண்ணீர் அதில் இறங்கினாலும் குஞ்சு போய்விடும். சொட்டை அதுவே நக்கி விழுங்கட்டும்.

கால் விரிதல்

பெரும்பாலும் காரணம் தரைதான். இன்குபேட்டர் தட்டிலோ அட்டைப்பெட்டியில் விரித்த செய்தித்தாளிலோ குஞ்சின் கால் வழுக்கும். எலும்பும் மூட்டும் இன்னும் மென்மையாக இருக்கிற அந்த முதல் 48 மணி நேரம் வழுக்கிக்கொண்டே இருந்தால் கால் அப்படியே வெளிப்பக்கம் நிலைத்துவிடும். சாக்குத்துணியோ சொரசொரப்பான ரப்பர் விரிப்போ போட்டிருந்தால் பாதிக் குஞ்சுகளுக்கு இது வந்தே இருக்காது.

கட்டுவதற்குக் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி போதும். நீளவாக்கில் இரண்டாகக் கிழித்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கிற பஞ்சுப் பகுதி இரண்டு கால்களுக்கும் இடையில் வர வேண்டும். இரு முனைகளும் கணுக்கால் மூட்டுக்குக் கீழே, செதில் உள்ள பகுதியைச் சுற்றித் தன்மேலேயே ஒட்ட வேண்டும். நாட்டுக்கோழிக் குஞ்சுக்குக் கால்களுக்கிடையே 2.5 செ.மீ. இடைவெளி சரியாக இருக்கும். அதைவிட நெருக்கினால் நிற்க முடியாமல் முன்னால் கவிழும். அகலமாக விட்டால் கட்டியும் பயனில்லை. சுற்றிய இடத்தில் ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்குத் தளர்வு வேண்டும். கட்டின ஒரு மணி நேரம் கழித்து விரல்களைப் பாருங்கள்: வீங்கியோ நீலம் பாரித்தோ இருந்தால் இறுக்கம் அதிகம், உடனே அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.

முதல் அரைமணி நேரம் குஞ்சு உருண்டு புரண்டு கத்தும். பதறி அவிழ்த்துவிடாதீர்கள். ஒரு சின்ன டம்ளரில் துணி சுருட்டி வைத்து, கால்கள் உடம்புக்குக் கீழே வருமாறு அதில் உட்காரவைத்தால் அமைதியாகும். அரைமணி நேரம் டம்ளர், பிறகு தீனியும் தண்ணீரும், மறுபடி டம்ளர் என்று மாற்றி மாற்றிச் செய்யலாம். தண்ணீர்க் கிண்ணத்தில் கூழாங்கல் போட்டுவையுங்கள், கால் கட்டின குஞ்சு ஒரு செ.மீ. தண்ணீரிலும் மூழ்கும். கட்டைத் தினமும் ஒருமுறை அவிழ்த்து, கட்டில்லாமல் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள். மூன்று முதல் ஏழு நாளில் நேராகிவிடும். இரண்டு வாரம் தாண்டிய குஞ்சுக்கு இதே கட்டைப் போட்டுப் பலன் எதிர்பார்க்க முடியாது, எலும்பு இறுகிவிட்டிருக்கும்.

தசைநாண் நழுவல்

இதில் மாங்கனீசு, கோலின், பயோட்டின் குறைவு முக்கியமான காரணம். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடுகிறவர்கள் இங்கே கவனியுங்கள்: அதில் 3.5 முதல் 4 சதவீதம் வரை சுண்ணாம்புச்சத்து இருக்கும். அது குஞ்சின் உடம்பில் மாங்கனீசு சேர்வதைத் தடுக்கிறது, சிறுநீரகத்தையும் கெடுக்கிறது.

நழுவியது தெரிந்த அன்றே முயல வேண்டும். ஒருவர் குஞ்சைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் காலை மெல்லப் பின்னோக்கி நீட்டி, பக்கவாட்டில் கிடக்கும் தசைநாணைக் கட்டைவிரலால் மூட்டின் பின்புறப் பள்ளத்துக்குத் தள்ள வேண்டும். இடத்தில் உட்கார்ந்தால் விரலுக்கு அது தெரியும், மூட்டும் தடையில்லாமல் மடங்கும். பிறகு மூட்டைச் சற்று மடங்கிய நிலையில், உறிஞ்சுகுழல் துண்டை நீளவாக்கில் வெட்டி அணைவாக வைத்து, காகிதப் பிளாஸ்திரியால் சுற்றுங்கள். மடக்காமல் நேராக வைத்துக் கட்டினால் தசைநாண் தளர்ந்து மறுபடி நழுவும். தீவனத்தில் ஒரு பிடி நல்ல அரிசித்தவிடும் (மாங்கனீசு அதில் தாராளமாக உண்டு) வேகவைத்த முட்டை மஞ்சள் கருவும் சேர்த்துக் கொடுங்கள்.

உள்ளே தள்ளிய தசைநாண் ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை வெளியே வந்துவிட்டால் அந்த மூட்டில் பள்ளமே சரியாக உருவாகவில்லை. மேற்கொண்டு தள்ளுவது வதைப்பதுதான், அதில் வேறு எதுவும் இல்லை. இரண்டு காலிலும் நழுவியிருந்தால் முயலவே வேண்டாம்.

விரல் மடங்கல்

விரல்கள் உள்பக்கமாக மடங்கி, முஷ்டி பிடித்ததுபோல் கணுக்காலை ஊன்றிக் குஞ்சு நடந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பி2, அதாவது ரைபோஃபிளேவின் குறைவு. பொரித்த அன்றே இப்படி இருந்தால் தாய்க்கோழியின் தீனியில் குறை. இரண்டு வாரத்தில் வந்தால் குஞ்சின் தீனியில் குறை. அரிசிக் குருணையும் சோறும் மட்டும் தின்று வளர்கிற புறக்கடைக் குஞ்சுகளில் இது சாதாரணம்.

கடையில் கேட்டால் கோழிக்கென்று விற்கும் திரவ டானிக்கைத் தருவார்கள். வாங்கும் முன் சீட்டைப் படியுங்கள். அவற்றில் பலவற்றில் ஏ, டி3, ஈ, பி12 மட்டுமே இருக்கும், பி2 இருக்காது. அதை எத்தனை நாள் கொடுத்தாலும் விரல் நிமிராது. மனிதர்களுக்கான பி காம்ப்ளெக்ஸ் கேப்சூலில் பி2 10 மி.கி. இருந்தால் அதைப் பிரித்து ஒரு லிட்டர் குடிநீரில் கலக்குங்கள். முதல் வாரக் குஞ்சு நாளுக்குப் பத்து மி.லி. குடித்தாலும் 100 மைக்ரோகிராம் உள்ளே போகும், அது போதும். பி2 வெளிச்சத்தில் சிதைந்துவிடும். எனவே கிண்ணத்தை நிழலில் வைத்து, தினமும் புதிதாகக் கலக்க வேண்டும்.

கூடவே விரல்களுக்கு ஒரு செருப்பு தேவை. தடித்த அட்டையைப் பாதத்தைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, விரல்களை விரித்து வைத்து, மேலே காகிதப் பிளாஸ்திரி ஒட்டி இரண்டு மூன்று நாள் விடுங்கள். வைட்டமின் குறைவால் வந்ததென்றால் சில நாட்களிலேயே மாற்றம் தெரியும். பல வாரம் மடங்கியே இருந்துவிட்டால் நரம்பு கெட்டிருக்கும், நிமிராது. ஆனால் ஒன்றிரண்டு விரல் கோணலான கோழி சுகமாக வாழும். அதைக் கொல்ல எந்தக் காரணமும் இல்லை.

கழுத்து திருகல்

தலை முதுகின்மேல் மல்லாந்து வானத்தைப் பார்ப்பது, கழுத்து ஒருபக்கம் முறுக்கிக்கொள்வது, பின்னோக்கியே நடப்பது. இதற்கு மூன்று காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மற்ற கோழிகளும் பச்சையாகக் கழிந்து, கொர்ரென்று மூச்சுவிட்டு, அடுத்தடுத்துச் செத்தால் அது வெள்ளைக்கழிச்சல். அது ஊனமல்ல, தொற்று. அந்தக் கோழியைத் தனியே பிரித்துவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற எண்ணில் நடமாடும் மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம். பிழைத்த கோழிகளில் சிலவற்றுக்குக் கழுத்து திருகியே நின்றுவிடும். ஏழாம் நாள் லசோட்டா என்ற தடுப்பு மருந்துச் சொட்டும் எட்டாம் வாரம் தடுப்பூசியும் போட்டிருந்தால் பெரும்பாலும் இந்த நிலை வராது. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் இலவசத் தடுப்பூசி முகாமையும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது பி1 குறைவு. 1890களில் ஜாவாவில் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி மட்டுமே தின்ற கோழிகள் நரம்பு தளர்ந்து விழுவதையும், தவிடு கொடுத்ததும் எழுவதையும் கண்டார். வைட்டமின் ஆராய்ச்சிக்கே வழிவிட்ட அந்தக் கண்டுபிடிப்புக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. மிஞ்சிய வெள்ளைச் சோற்றையே தீனியாகப் போடும் வீடுகளில் இன்றும் அதே நோய் வருகிறது. 100 மி.கி. பி1 மாத்திரையில் கால் பங்கைப் பொடித்து வளர்ந்த கோழிக்கு நாளொன்றுக்கு ஒருவேளை கொடுங்கள். குஞ்சுக்கு அதில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்துச் சொட்டாக விடுங்கள். இதுதான் காரணம் என்றால் ஒரே நாளில் தலை நிமிரத் தொடங்கும்.

மூன்றாவது வைட்டமின் ஈ, செலினியம் குறைவு. பழைய, சிக்கடித்த தீவனம் இதற்கு முக்கியக் காரணம். 400 மி.கி. ஈ கேப்சூலை ஊசியால் குத்தி, குஞ்சுக்கு நாளுக்கு இரண்டு சொட்டு, வளர்ந்த கோழிக்கு ஒரு கேப்சூல் என ஒரு வாரம் கொடுக்கலாம். செலினியத்துக்கு முட்டை மஞ்சள் கருவும் உப்பில்லாத மீன்தூளும் போதும். சாப்பாட்டுக் கருவாட்டை இடித்துப் போடாதீர்கள், அதிலுள்ள உப்பு குஞ்சைக் கொல்லும்.

எந்தக் காரணமானாலும் திருகிய கழுத்தோடு கோழி தானாகத் தின்ன முடியாது. தலையை உள்ளங்கையால் தாங்கி நேராகப் பிடித்து, குழைந்த தீவனத்தை அலகு நுனியில் காட்டுங்கள். நாளுக்கு நான்கைந்து தடவை தேவைப்படும். இரண்டு வாரத்தில் கொஞ்சமாவது முன்னேற்றம் இருந்தால் இன்னும் இரண்டு வாரம் பொறுக்கலாம்.

அலகு கோணல்

மேலலகும் கீழலகும் கத்தரிபோல் ஒன்றையொன்று தாண்டி நிற்பது. வளர வளர கோணல் கூடும், நேராகாது. ஆனாலும் இப்படிப்பட்ட கோழிகள் பல, முட்டையும் இட்டுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன. தரையில் தூவிய கம்பையும் குருணையையும் அவற்றால் பொறுக்க முடியாது என்பதுதான் சிக்கல். ஐந்து முதல் ஏழு செ.மீ. ஆழமுள்ள சட்டியில், ஈரமாகப் பிசைந்த தீவனத்தை, கோழியின் மார்பு உயரத்தில் வையுங்கள். அள்ளித் தின்னக் கற்றுக்கொள்ளும். மற்ற கோழிகள் வந்து காலி செய்துவிடும் என்பதால் தனியே வைத்துக் காலையும் மாலையும் அரைமணி நேரம் கொடுக்க வேண்டும்.

தேயாததால் அலகு நுனி நீண்டுகொண்டே போகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நகம் தேய்க்கும் அரத்தால் தேய்த்துவிடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ரத்த ஓட்டம் தெரியும். அதைத் தொடக் கூடாது. வாயின் உள்பக்கத்தையும் பாருங்கள், சேர்ந்த தீவனம் அழுகி நாறும். இந்தக் கோழியால் இறகைக் கோத முடியாது, எனவே பேன் அப்பிக்கொள்ளும். மண்ணில் அடுப்புச் சாம்பல் கலந்து புரள இடம் கொடுத்து, வாரம் ஒருமுறை வாலடி இறகை விலக்கிப் பாருங்கள். முட்டையை அடைக்கு வைக்காதீர்கள், இதில் பரம்பரைக் காரணமும் உண்டு.

வளரும் குஞ்சு நொண்டினால்

அலகைப் பிடித்து அழுத்தும்போது ரப்பர்போல் வளைந்தால் அது எலும்பு மெலிவு (ரிக்கெட்ஸ்). டி3, கால்சியம், பாஸ்பரஸ் ஆகியவற்றில் குறை. வெயில் படாமல் அறைக்குள்ளேயே வளர்த்தவற்றுக்கு வரும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் உதவாது, வெளியே விட வேண்டும்.

ஒன்றரை மாதம் தாண்டிய கோழி ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் நீட்டிக்கொண்டு படுத்துவிட்டால், நரம்பைத் தாக்கும் மேரக்ஸ் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். இதற்கு மருந்தில்லை, கட்டுப்போடுவதும் வீண். பொரித்த முதல் நாளிலேயே போட வேண்டிய தடுப்பூசி மட்டுமே வழி. மருத்துவர் உறுதிசெய்தால் விடைகொடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஊனத்தோடு வாழ்கிற கோழிக்கு

பரண் ஏற முடியாது, எனவே தரையிலேயே கூடு, மூன்று அங்குல உமி. கீரியும் நாயும் நுழையாத கம்பி வலை. கூட்டத்தில் விட்டால் மற்றவை கொத்தியே கொன்றுவிடும். சாதுவான ஒரு கோழியை மட்டும் துணைக்கு விடுங்கள். கண் தெரியாத கோழிக்குத் தீனிச்சட்டியை ஒரு சாண்கூட நகர்த்தக் கூடாது.

நிற்க முடியாமல் உட்கார்ந்தே இருக்கிற கோழிக்கு இரண்டு ஆபத்து. மார்பெலும்பின் முனையில் புண் வரும். கழிவு வாலடியில் ஒட்டி, ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். நம் வெயிலில் அதற்கு ஒரே நாள் போதும். தினமும் காலையும் மாலையும் வாலடியை வெந்நீரில் கழுவித் துடைத்து உலர்த்துங்கள். ஒரு துண்டில் இரண்டு காலுக்கும் வாலடிக்கும் துளை வெட்டி, பால் கிரேட்டில் தொட்டில்போல் கட்டி, பாதம் தரையைத் தொடும் உயரத்தில் கோழியை வைத்தால் மார்புக்கு ஓய்வு கிடைக்கும், காலுக்கும் பயிற்சியாகும். ஒருதடவைக்கு 20 நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. இதையெல்லாம் நாள்தோறும் செய்ய வீட்டில் ஆளில்லை என்றால் அதையும் கணக்கில் எடுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை.

எப்போது விடைகொடுப்பது

வைத்தியம் தொடங்கும் அன்றே கெடுவையும் குறித்துவையுங்கள். கால் விரிதலுக்கு ஏழு நாள், தசைநாண் நழுவலுக்கு மூன்று நாள், விரல் மடங்கலுக்குப் பத்து நாள், கழுத்துக்கு நான்கு வாரம். கெடு வைக்காவிட்டால் ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்றே மாதம் ஓடும், வலி கோழிக்கு.

இடைப்பட்ட நாட்களில் எடையைப் பாருங்கள். தினமும் காலை தீனிக்கு முன் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். குஞ்சு நாளுக்கு நாள் கூட வேண்டும். மூன்று நாள் கூடவில்லை என்றால் தேறவில்லை. வளர்ந்த கோழியில் எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து, மார்பெலும்பு கத்திமுனைபோல் கைக்குத் தட்டுப்பட்டால் அதேதான். பிறகு நான்கு கேள்விகள்: தானாகத் தின்கிறதா, தண்ணீர் வரை போகிறதா, கழிவில் புரளாமல் இருக்கிறதா, மற்ற கோழியின் சத்தத்துக்கோ உங்கள் காலடிக்கோ தலை தூக்குகிறதா. பாதிக்கண் மூடி, சிறகு சிலிர்த்து, தீனியைக் காட்டினாலும் திரும்பாத கோழி வலியில் இருக்கிறது. கோழி வலியைக் கத்திச் சொல்லாது.

சிலவற்றுக்குக் கெடுவே வேண்டாம். குடல் வெளியே தள்ளிய குஞ்சு, மண்டையோடு மூடாமல் மூளை தெரியும் குஞ்சு, தொப்புள் கறுத்து வயிறு கொழகொழவென்று நாற்றமெடுக்கும் குஞ்சு, இவற்றை அந்த நேரத்திலேயே முடித்துவிட வேண்டும். மஞ்சள் கரு இன்னும் முழுதாக உள்ளே போகாத குஞ்சை இதோடு சேர்க்காதீர்கள். இழுக்காமல், ஈரமான சுத்தத் துணியில் வைத்தால் ஒரே நாளில் உள்வாங்கிக்கொள்ளும்.

‘பாவம், கொல்லக் கூடாது, தானாகப் போகட்டும்’ என்று ஓரத்தில் போட்டுவைப்பதுதான் எல்லாவற்றிலும் கொடியது. எறும்பு மொய்க்க இரண்டு நாள் உயிரோடு கிடக்கும். குப்பைமேட்டிலோ கோயில் வாசலிலோ விட்டுவிட்டு வருவதும் அதேதான்.

எப்படி

கால்நடை மருந்தகத்தில் மருத்துவர் மயக்க மருந்தைச் செலுத்தி முடிப்பது முதல் வழி. அது கிடைக்காத இடத்தில் கழுத்தெலும்பைப் பிரிப்பது. செய்யத் தெரிந்த ஒருவரிடமோ மருத்துவரிடமோ முன்பே பார்த்துப் பழகியிருக்க வேண்டும். உயிருள்ள கோழியில் முதன்முதலாக முயன்று பார்க்கக் கூடாது. 3 கிலோவுக்கு மேற்பட்ட கோழிக்கு இது ஒத்துவராது.

இடக்கையில் இரு காலையும் சேர்த்து, சிறகு நுனியோடு பிடியுங்கள். வலக்கையின் முதலிரண்டு விரல்களுக்கு நடுவே, மண்டைக்கு நேர் கீழே கழுத்து வர வேண்டும். கட்டைவிரல் அலகுக்குக் கீழே. ஒரே இழுப்பில் கையைக் கீழே நீட்டி, அதே வேகத்தில் தலையைப் பின்னோக்கி மடக்குங்கள். தயங்கி மெதுவாக இழுத்தால்தான் வதை. மண்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் அகல வெற்றிடம் தோலுக்கடியில் தட்டுப்பட்டால் முடிந்தது. சிறகு ஒன்றிரண்டு நிமிடம் அடித்துக்கொள்ளும். அது நரம்பின் துடிப்பு, உணர்வல்ல. கண்ணின் பாவையை விரலால் தொட்டால் இமைக்கக் கூடாது, மூச்சு இருக்கக் கூடாது. இமைத்தால் உடனே மறுபடி செய்யுங்கள். சின்னக் குஞ்சுக்குக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் மண்டையடியைப் பிடித்து அதேபோல் ஒரே இழுப்பு.

இதில் கை வராதவர்களுக்கு, நன்றாகத் தீட்டிய கனமான வெட்டுக்கத்தியால் ஒரே வெட்டில் தலையைத் துண்டிப்பதும் விரைவானதே. தண்ணீரில் அமுக்குவது, ஃப்ரீசரில் வைப்பது, பிளாஸ்டிக் பையில் கட்டுவது, கழுத்தைப் பிடித்துச் சுழற்றுவது, பூச்சிமருந்து வைப்பது, இவை எதுவும் கூடாது. சோடா உப்பும் வினிகரும் கலந்து வாயு உண்டாக்கும் முறையும் வேண்டாம். வாயு எவ்வளவு சேர்ந்தது என்று தெரியாது, கோழி மூச்சுத் திணறும்.

வீட்டுக் குழந்தைகள் பெயர் வைத்து வளர்த்த குஞ்சாக இருந்தால், பறந்துபோய்விட்டது என்று சொல்லாதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள், செய்வதைப் பார்க்க வைக்க வேண்டாம்.

மருந்து கொடுத்த கோழியையும் நோய்ப்பட்டதையும் குழம்புக்கு எடுக்கக் கூடாது. மூன்றடிக் குழியில், கிணற்றிலிருந்து தள்ளி, மேலே சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ஆழம் குறைந்தால் நாய் தோண்டிவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அந்தக் கூட்டின் உமியை எரித்துவிடுங்கள்.

ஒரே ஈட்டில் இரண்டு மூன்று குஞ்சு ஊனமாகப் பொரித்தால் காரணத்தைத் தேட வேண்டும். இன்குபேட்டரில் 37.5 முதல் 37.8 டிகிரியைத் தாண்டுகிறதா என்று வேறொரு வெப்பமானி வைத்துச் சரிபாருங்கள். முதல் வாரச் சூடு கூடினால் கண், அலகு, மண்டை ஆகியவற்றில் கோளாறு வரும். மின்வெட்டு நேரங்களைக் குறித்துவையுங்கள். முட்டையைக் கூர்முனை மேலே வைத்து அடுக்கவில்லையே என்று பாருங்கள். எந்தக் கோழியின் முட்டை என்று ஓட்டில் பென்சிலால் எழுதிவைத்தால் எந்தத் தாயிடமிருந்து வருகிறது என்பது இரண்டு ஈட்டில் தெரிந்துவிடும். ஒரே சேவல் தன் மகள்களோடும் பேத்திகளோடும் சேர்ந்துகொண்டிருந்தால், அடுத்த அடைக்கு முன் வேறு ஊர்ச் சேவலாக மாற்றிவிடுங்கள்.